மூன்று நாள் தொங்கிய சிரட்டை

எங்கள் எல்லாருக்கும் மைனியான என் மைனிக்கு,

தங்கையன் எழுதுகிறேன். ஆமாம், நானேதான். ஆள் வைத்து எழுதவில்லை. இந்த மூன்று வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு கிளாஸ் சாயா ஆறிப்போய்விட்டது. போகட்டும். எழுத்து நேராக நிற்கிறதா என்று தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். நிற்கிறது, மைனி!

நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் உங்களிடம் சொல்லாமல் ஒளித்த காரியம் ஒன்று உண்டு. கல்லறைத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் சொல்ல நினைப்பேன். பக்கத்தில் யாராவது மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிற்பார்கள், வாய் வராது. இப்போது எழுதத் தெரிந்துவிட்டது. எழுத்தில் சொல்வது லேசாக இருக்கிறது. நடுவில் நீங்கள் முறைக்க முடியாதல்லவா?

உங்கள் சிரட்டைகளை எரித்தது நான்தான்.

கோபப்படாமல் முழுதும் கேளுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அனிதா டீச்சர் அச்சடிக்கக் கேட்டிருக்கிறார். வேறு ஊர்களில் வயசுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் வாசிக்கட்டும் என்று. அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையும் நான் எழுதவேண்டியிருக்கிறது. "எனக்கே எங்க வீட்டுக் கதையைச் சொல்லுதியாலே?" என்று கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டுப் பின்பக்கம் வாலிபால் மைதானம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று அடித்தால், இந்தப் பக்கம் அடித்த பந்து இந்தப் பக்கமே வந்து விழும் மைதானம். பத்தாம் கிளாஸில் தோற்றவர்கள், படிப்பை நிறுத்தித் தோவாளைப் பூச்சந்தையில் மூட்டை சுமடு எடுத்தவர்கள், படித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் அங்கேதான் விளையாடினார்கள். ஒரு நாள் ஒரு பையன் பந்தை எடுக்கக் குனிந்தவன் அப்படியே மயங்கி விழுந்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் நீங்கள் பெரிய பானையில் கஞ்சி வைத்தீர்கள். கஞ்சியும் சிறுபயறும். அதற்குப் பிறகு நீங்கள் போகும் வரைக்கும் அந்தப் பானை இறங்கவில்லை.

டம்ளர் கூடாது, ஆளுக்கு ஒரு சிரட்டை என்றீர்கள். பெரிய தேங்காயாகப் பார்த்து, சிரட்டையை வழவழவென்று தேய்த்து, ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கட்டி, பின்சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினீர்கள். உங்களுக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொரு சிரட்டையிலும் ஒரு அடையாளம் சுட்டீர்கள். ஒருவனுக்கு மீன். ஒருத்திக்கு ஏணி. அய்யாவழி வீட்டுப் பையனுக்கு அவன் நெற்றி நாமம். காற்றாலையில் வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு மூன்று இறக்கை.

குடித்தவர்கள் கழுவி, ஈரத்தோடு தங்கள் ஆணியிலேயே மாட்டவேண்டும். ஒரு சிரட்டை மூன்று நாள் காய்ந்தே தொங்கினால், நான்காம் நாள் நீங்கள் அதே சிரட்டையில் கஞ்சி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடப்பீர்கள். கொடுப்பீர்கள். குடிக்கும் வரை உட்கார்ந்திருப்பீர்கள். "ஏன் வரல்ல?" என்று மட்டும் கேட்க மாட்டீர்கள்.

கூடவே வந்த நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"லே தங்கையா, எதுக்குலே கேட்ட?"

"பின்ன, காரணம் தெரிய வேண்டாமா மைனி?"

"கேட்டா அவன் பொய் சொல்லணும். என் மொகத்தைப் பாத்துப் பொய் சொன்னவன் நாளைக்கு எப்பிடிலே என் முன்னால வந்து நிப்பான்?"

அண்ணன் மனைவி என்பதால் நான் உங்களை மைனி என்று கூப்பிட்டதைக் கேட்டுப் பிள்ளைகள் எல்லாம் மைனி என்றார்கள். பிறகு அவர்களுடைய அம்மைமாரும் அப்படியே கூப்பிட்டார்கள். பாஸ்டர்கூட அடக்க ஆராதனையில் "நம்முடைய மைனி" என்றுதானே சொன்னார்! நான் மட்டும்தான் உண்மையான கொழுந்தன். அதனால் பிள்ளைகள் என்னைக் கொழுந்தன் தாத்தா ஆக்கிவிட்டார்கள்.

நீங்கள் போன பிறகு பானையை நான் இறக்கவில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்தது தெரியாது.

ஒரு நாள் போன் வந்தது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கும் டீச்சர், இந்த அனிதா டீச்சர்தான். வயசுப் பிள்ளைகள் எங்கே கழன்று போகிறார்கள், எது அவர்களைப் பிடித்து நிறுத்துகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். அவருடைய வகுப்பில் படித்த ஒருவன், நம் மீன் சிரட்டைக்காரன், உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். "ஐயா, வாற சனிக்கிழமை நாங்க நாலு பேர் வாறோம். நீங்க கஞ்சி குடுக்கிற எடத்தைப் பாக்கணும், போட்டோ எடுக்கணும்" என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்லூரியிலிருந்து வருகிறார்கள், போட்டோ வேறு. அந்தச் சுவரைப் பார்த்தேன். புகை பிடித்து, எண்ணெய் பிடித்து, கறுத்த சிரட்டைகள். மைனியின் மானம் என்ன ஆவது? சுவருக்கு வெள்ளை அடித்தேன். ஆணிகளைப் பிடுங்கினேன். சில்வர் டம்ளர் முப்பது வாங்கி, புளி போட்டுத் துலக்கி, ஒரே மாதிரி அடுக்கினேன். கழற்றிய சிரட்டைகளை அடுப்புப் பக்கம் குவித்தேன். சிரட்டை எப்படி எரியும் என்று உங்களுக்குத் தெரியாதா? வந்தவர்களுக்கு நல்ல சாயா போட்டேன்.

டீச்சர் சாயாவை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, அந்தச் சிரட்டைகள் எங்க?"

நான் பெருமையாக அடுப்பைக் காட்டினேன். "அதெல்லாம் அழுக்குப் பிடிச்சது டீச்சர். இப்ப எல்லாம் சில்வர்."

கூட வந்த ஒரு பையன் சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இடுக்கியை எடுத்து ஒரு துண்டை வெளியே இழுத்தார். பாதி எரிந்த சிரட்டை. மூன்று இறக்கையில் ஒன்றுதான் மிச்சம். அவர்கள் பார்க்க வந்த பொருளை எரித்து, அந்தத் தீயிலேயே அவர்களுக்குச் சாயா போட்டிருக்கிறேன், மைனி. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருந்தாலும் அவர் போய்விடவில்லை. மாதம் ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று ஒரு பேரேடு கொடுத்தார். பிள்ளைகளின் பெயர் வரிசையாக இருக்கும். வந்தவர்கள் தாங்களே அன்றைய கட்டத்தில் ஒரு கோடு போடவேண்டும். அதையும் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினோம். நான் தினமும் அதன் அடியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இனி ஷைனியைப் பற்றிச் சொல்லவேண்டும். நீங்கள் ஏணி சுட்டுக் கொடுத்தீர்களே, அந்தச் சின்னப் பெண்தான். பிளஸ் டூ வந்துவிட்டாள். நர்ஸுக்குப் படிக்கவேண்டும் என்று சின்னதிலேயே சொல்லுவாளே? அந்த வருஷம் அவளுடைய அப்பா கல்ஃபிலிருந்து வேலை போய்த் திரும்பி வந்தார். வீட்டில் என்ன பேசினார்களோ, அம்மை அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அண்டியாபீஸுக்கு, முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்கு, கூட்டிக்கொண்டு போய்விட்டாள். விளையாட வருவதும் நின்றது.

எனக்குத் தெரியவில்லை. முப்பது டம்ளரும் ஒரே மாதிரி. வருகிறவர்கள் கையில் கிடைத்ததை எடுக்கிறார்கள், கழுவிக் கவிழ்க்கிறார்கள். எது காய்ந்தது, எது நனைந்தது? பிராக்டிகல் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நான் நினைத்தேன். காய்ச்சல் என்று ஒரு பெண் சொன்னாள். பந்து போட்டுக் கொடுக்க அவளுக்குப் பதில் வேறு ஆளை நிறுத்தினார்கள். ஆட்டம் நடந்தது.

மாதக் கடைசியில் டீச்சர் வந்து பேரேட்டில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஐயா, ஷைனி பதிமூணு நாளா வரலியே?"

"பதிமூணு நாளா? யாரு சொன்னா?"

"இதுலயே இருக்கே."

"இருக்கா? பின்ன ஏன் டீச்சர் நீங்க சொல்லல்ல?"

"நான் இன்னைக்குத்தானே பாக்கேன். நீங்க தினமும் இதுக்குக் கீழதானே உக்காந்திருக்கீங்க?"

மைதானத்தில் பந்து விழும் சத்தம் கேட்டது. தாளுக்குத் தெரிந்திருந்தது, அதற்கு நடக்கக் கால் இல்லை. எனக்குக் கால் இருந்தது, தாளில் இருப்பது தெரியவில்லை.

கஞ்சியை ஒரு சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு ஓடினேன். போகிற வழியெல்லாம் கை சுட்டது. சிரட்டை சுடாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டீச்சரும் பின்னாலேயே வந்தார்.

ஷைனியின் அம்மை வாசலில் நின்றாள். "இப்பந்தான் வழி தெரிஞ்சுதா மாமா?" என்றாள். உள்ளே ஷைனி இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். முந்திரிக்கொட்டையின் அண்டிப்பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு "ஏன்மா நீ" என்று தொடங்கினார். நான் அவருடைய காலை மிதித்தேன். வேண்டுமென்றேதான். அவர் அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

ஷைனி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் ஏணி எங்க தாத்தா?" என்று கேட்டாள்.

"எரிச்சிட்டேன் மக்கா" என்றேன். அவள் குடித்தாள். குடித்து முடித்த பிறகு தானாகவே பேசினாள். பிராக்டிகல் பரீட்சை மூன்று நாள் முன்னால் முடிந்துவிட்டது. அதற்குள் நான் வந்திருக்கவேண்டும். நாலாம் நாளே நான் போயிருந்தால் கையில் ஒரு வாரம் இருந்திருக்கும். அந்த வருஷம் அவளுக்குப் போயிற்று, மைனி. வெள்ளை அடித்த அந்தச் சுவரால் போயிற்று.

திரும்பி வரும்போது டீச்சர் ரோட்டில் நின்றுவிட்டார். "நாங்க வருசக் கடைசில எழுதுவோம் ஐயா, எந்தப் பிள்ளை எப்ப விட்டுப் போச்சுன்னு. எழுதி முடிக்கும்போ பிள்ளை போயிருக்கும்" என்றார். கண் கலங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் "காலை இவ்வளவு பலமாவா மிதிப்பீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் இவரோடு வேலை செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே அந்த வீட்டுக்குப் போனோம். நான் மட்டும் போயிருந்தால் கஞ்சி கொடுத்துவிட்டு வந்திருப்பேன். விட்ட பரீட்சையை எப்படி எழுதுவது, யாரைப் பார்ப்பது என்று எனக்கு என்ன தெரியும்? டீச்சர் மட்டும் போயிருந்தால் நடையோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். மூன்றாவது தடவை போனபோது ஷைனியின் அம்மை எங்களுக்குச் சாயா போட்டாள். நாலாவது தடவை அவளே கேட்டாள்: "அந்தப் பரீட்சை பாரத்துல நான் எங்க கையெழுத்துப் போடணும் டீச்சர்?"

சிரட்டைகள் மறுபடி சுவரில் தொங்குகின்றன. புதிது. அடையாளம் சுடுவது ஷைனிதான். பேரேடும் பக்கத்திலேயே தொங்குகிறது. அதை இனி நானே பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தேன். சபை மண்டபத்தில் முதியோர் வகுப்பு நடக்கிறது, போய்ச் சேர்ந்தேன். அங்கே அ, ஆ. ஆனால் எனக்கு முதலில் தேவைப்பட்டது பிள்ளைகளின் பெயர் அல்லவா? பேரேட்டை வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் படித்தேன். நான் முதன்முதலில் வாசித்த சொல் ஷைனி. பிள்ளைகள் விடுவார்களா? ஒருவன் கத்தினான்:

"ஊருல எல்லாரும் அ-ல தொடங்குவா. கொழுந்தன் தாத்தா ஷ-ல தொடங்குதாரு!"

"போலே, நீ அ-ல தொடங்கி எங்கலே போய் முடிச்ச? பத்தாம் கிளாஸ்லதானே?" என்றேன். அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூட்டம் போடுகிறோம். இந்த மாதிரி வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களும், கல்லூரியில் அதைப் பற்றிப் படிக்கிறவர்களும் ஒரே வட்டமாக உட்காருகிறோம். முதல் கூட்டத்தில் அவர்கள் திரையில் என்னென்னவோ காட்டினார்கள். நான் தூங்கிவிட்டேன். அடுத்த கூட்டத்தை நம் மைதானத்தில் வைத்தார்கள். காற்றில் அவர்களுடைய தாள்கள் எல்லாம் பறந்தன. எல்லாரும் ஓடிப் பொறுக்கி வந்து உட்கார்ந்த பிறகு பேச்சு நன்றாக நடந்தது.

மண்டைக்காட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள். கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் நடத்துகிறாள். "எங்க கடப்புறத்துல சிரட்டையைத் தொங்கவிட்டா காத்து கொண்டு போவும். நாங்க வலையில கட்டுற மிதப்பைத்தான் ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கோம்" என்றாள். உங்கள் சிரட்டை கடலுக்குப் போய் மிதப்பாகிவிட்டது, பார்த்தீர்களா? கல்லூரிக்காரர்களின் கேள்வித்தாளில் முதல் கேள்வி "ஏன் வரவில்லை?" என்று இருந்தது. நீங்கள் சொன்னதை நான் சொன்னேன். டீச்சர் பேனாவை எடுத்து அதை அடித்தார்.

அவர்களிடமிருந்து நான் கற்றதும் உண்டு. கோபிக்காதீர்கள், உங்கள் சிரட்டையில் ஒரு ஓட்டை இருந்தது, மைனி. மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதவர்களைத்தான் அது காட்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறவனை, வந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறவனை அது காட்டாது. பேரேட்டில் அது தெரிகிறது, கட்டம் கட்டமாக. டீச்சர் காட்டித் தந்தார். அப்படி எத்தனை பேரை நாம் கவனிக்காமல் விட்டிருப்போம்? நினைத்தால் மனசு கொஞ்சம் இடறுகிறது. நீங்கள் இருந்திருந்தால் டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதும் செரிதான்" என்று எழுந்து போயிருப்பீர்கள்.

ஷைனி அடுத்த வருஷம் எழுதிப் பாஸாகி நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். சனிக்கிழமை வருகிறாள். விரல் தோல் எல்லாம் ஆறிவிட்டது. டீச்சருக்கும் ஒரு சிரட்டை செய்து கொடுத்திருக்கிறாள். டீச்சர் முதலில் வாங்கவில்லை. "நான் ஆராய்ச்சிக்கு வாற ஆளு, எனக்கு எதுக்கு?" என்றார்.

"கஞ்சி குடிக்கீங்கல்லா? அப்ப சிரட்டை உண்டு டீச்சர்."

அதில் என்ன சுட்டிருக்கிறாள் தெரியுமா? ஒரு பாதம். நான் மிதித்த பாதம். டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நீங்கள் கேட்கவேண்டியது. அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை என்பது போய், வேலை விட்டதும் தினமுமே வருகிறார். வந்து ஏதாவது எழுதுவார். இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பார். கஞ்சி குடித்துவிட்டுத் தானே கழுவி மாட்டிவிட்டு பஸ் ஏறுவார்.

இந்தக் கடிதத்தை நான் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. ஒரு நாளுக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது. இன்னும் எழுத நிறைய உண்டு. ஆனால் இன்று மத்தியானம் சுவரைப் பார்த்தேன். பாதம் சுட்ட சிரட்டை காய்ந்து கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன், உள்ளே தூசி. பேரேட்டைப் பிரித்தேன். அனிதா என்ற பெயருக்கு நேராக மூன்று கட்டம் வெறுமை. போன வாரமும் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் கோடு இருக்கிறது. அவர் கற்றுக்கொடுத்த கண்ணால் அவருடைய வரிசையையே வாசித்தேன், மைனி. யாரும் படித்துக் காட்டவில்லை.

"போன் போட்டா போறாதா தாத்தா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"போன்ல கஞ்சி போவுமாலே?" என்றேன்.

கஞ்சியை இன்றைக்கு நேரத்தோடு இறக்கச் சொல்லிவிட்டேன். சிரட்டையில் ஊற்றி, மேலே வாழையிலை வைத்து நாரால் கட்டியாயிற்று. இதோ பக்கத்தில்தான் இருக்கிறது. இலை சூட்டில் வாடி மணக்கிறது. நாலரை மணிக்கு பஸ். எந்த பஸ் என்று யாரிடமும் கேட்கப் போவதில்லை, போர்டைப் பார்த்து நானே ஏறுவேன். நாகர்கோவில் என்று எப்படி எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் கதவைத் திறந்தால் கொடுப்பேன். குடிக்கும் வரை உட்கார்ந்திருப்பேன். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன், மைனி. இது உங்கள் மேல் சத்தியம்.

கஞ்சி ஆறுகிறது. போய்விட்டு வருகிறேன்.

சிரட்டையை எரித்தவனும், மறுபடி ஆணி அடித்தவனுமான
உங்கள் கொழுந்தன்,
தங்கையன்